தேருக்கு அடியில் இருபத்துநான்கு இழை

கட்டிய மனைவியைப் பற்றிப் புருஷனே எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த நாலு பேரில் மூன்று பேர் வீட்டில் அவள் கொடுத்த இணைப்பில்தான் படம் ஓடுகிறது.

நான் பட்டு நெய்கிறவன். பெயர் சிவபாலன். அவள் பெயர் ஏலவார்குழலி. ஏகாம்பரநாதர் கோயில் அம்மனுடைய பெயர். காஞ்சிபுரத்தைத் தாண்டினால் அந்தப் பெயரை ஒரே தடவையில் சரியாகச் சொல்கிறவர்கள் குறைவு. பிள்ளையார்பாளையத்தில் அந்தக் கஷ்டமே இல்லை, 'கேபிள் குழலி' என்றால் கைக்குழந்தை கூட எங்கள் வீட்டுப் பக்கம் கை காட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் தறிதறியாகப் போய்ப் பாவு இணைத்துக்கொண்டிருந்தாள். பாவு என்பது தறியில் நெடுக்கே ஓடும் நூல்வரிசை. ஒரு பாவு தீர்ந்துபோனால், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் நுனியோடு விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். ஒன்று மாறிப்போனாலும் சேலை முழுக்கக் கோடு தெரியும். எங்கள் வீட்டுத் தறிக்கு வந்தபோதுதான் அவளை முதலில் பார்த்தேன். பேசிக்கொண்டே முறுக்குவாள், பேச்சும் நிற்காது, இழையும் மாறாது. மாறியது என் புத்திதான்.

கல்யாணமான பிறகு, கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த வெங்கடேசனிடம் மாத வசூலுக்குப் போனாள். காசு கேட்டு வாசலில் நிற்கிற வேலை. படம் வரவில்லை என்றால் ஜனங்கள் படத்தைப் பற்றி மட்டுமா பேசுகிறார்கள்? எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, எந்தக் கம்பத்தில் எந்த வயர் போகிறது, எங்கே மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று தெரிந்துகொண்டாள். வெங்கடேசன் மகளோடு இருக்க பெங்களூர் கிளம்பியபோது, தொழிலை வேறு யாருக்கும் விற்காமல் இவளுக்கே கொடுத்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதற்குப் பெயர் கன்ட்ரோல் ரூம். அதற்குள் ஏசி ஓடும். எங்கள் வீட்டு மனிதர்களுக்கு இன்றுவரை ஃபேன்தான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சந்தோஷ்குமார் வந்தார். பெரிய இன்டர்நெட் கம்பெனி ஒன்றின் ஏரியா மேனேஜர். நல்ல மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல மனிதர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிற சில சங்கதிகள் நம் அடிமடியிலேயே கை வைக்கும்.

"மேடம், இனிமே எல்லாம் ஃபைபர்தான். உங்க பழைய வயர்ல இன்டர்நெட் தாங்காது. உங்க கஸ்டமரை எங்களுக்கு மாத்திக் குடுத்துடுங்க. நீங்க கலெக்‌ஷன் மட்டும் பாத்துக்குங்க. மாசாமாசம் அஞ்சாம் தேதி உங்க அக்கவுண்ட்ல சம்பளம் விழும். பங்குனித் தேர் முடியறதுக்குள்ள சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்பா. டீ சாப்டு" என்றாள் குழலி.

அவர் டீயைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த ஆளைப் பார்க்கப் போகிற அவசரம். அவர் தலை மறைந்ததும் இவள் என் பக்கம் திரும்பினாள்.

"கலெக்‌ஷன் பண்ணிக்கினு இருந்துதான் இந்த எடத்துக்கு வந்தேன். திரும்பியும் கலெக்‌ஷனுக்கேவா போவணும்? என் தெருவுல, என் கம்பத்துல, இன்னொருத்தன் வயரு ஓடும், நான் அவனுக்குக் காசு வசூல் பண்ணணுமா?"

அவள் கண் கலங்கி நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் அன்று நெய்த பகுதியைப் பாதி பிரித்து மறுபடி நெய்ய வேண்டியதாயிற்று.

சொந்தமாக ஃபைபர் இழுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அவள் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் பாதி, அவள் அண்ணன் பணம் பாதி. அண்ணன், அதாவது என் மச்சான், மாணிக்கவாசகம். தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலை வாங்கி விற்பவர். நெய்கிறவன் வீட்டுக் குப்பையில் ஜரிகைத் துண்டு கிடந்தாலும் குனிந்து எடுத்து மடியில் கட்டிக்கொள்வார். தங்கமான மனிதர், தங்கத்தைப் போலவே எடை பார்த்துத்தான் எதையும் செய்வார்.

ஃபைபர் கேபிளுக்குள் தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. ஓர் இழையைக் கோர் என்கிறார்கள். நாலு கோர், ஆறு கோர், பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று விற்கிறார்கள். கோர் ஏற ஏற விலையும் ஏறும். இப்போதைய தேவைக்கு நாலு கோர் போதும் என்று குழலியே சொன்னாள். சொல்லிவிட்டு, மெயின் லைனுக்கு இருபத்துநான்கு கோர் வாங்க வேண்டும் என்றாள். மச்சானுக்கு மூச்சு நின்றுவிட்டது.

"நாலு போதும்னு நீயே சொல்ற. மிச்சம் இருவது இழை இன்னா பண்ணும்?"

"சும்மா கெடக்கும்ணா."

"சும்மா கெடக்கவா? இதோ பாரு குழலி, நெய்யாத இழைக்குப் பட்டு எட போட்டுக் குடுக்கறவன் குடும்பம் நடத்த மாட்டான். ஆறு கோர் வாங்கு. அதுலயே ரெண்டு மிச்சம்."

"அண்ணா, சேலையில இழை கூடுனா பட்டு கூடும், கூலி கூடும். இதுல அப்டி இல்ல. மீட்டருக்குப் பத்துப் பன்னெண்டு ரூவாதான் கூட ஆவுது. கம்பம் ஏறுற கூலி ஆறுக்கும் அதேதான், இருவத்திநாலுக்கும் அதேதான். நாளைக்கு ஆறு பத்தலைன்னா மறுபடியும் கம்பம் கம்பமா ஏறணும். அந்தக் கூலி யாரு குடுப்பா, நீயா?"

"நாளைக்கு வர்றத நாளைக்குப் பாத்துக்கலாம்மா."

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்துதானே அந்தக் கம்பெனிக்காரன் நம்ம வூட்டுக்கே வந்து டீ குடிச்சுட்டுப் போனான்!"

நான் தறிப் பக்கம் நழுவிவிட்டேன். மனைவிக்கும் மச்சானுக்கும் நடுவில் பேசினவன் இரண்டு பக்கமும் அடி வாங்குவான்.

இப்படி முடிவாகாமல் கிடந்தபோது, மச்சான் யாரிடமும் சொல்லாமல் சென்னைக்குப் போய்விட்டார். தங்கைக்கு வேலை மிச்சம் செய்கிறாராம். அன்று மாலை குட்டியானை வண்டி ஒன்று தெருவுக்குள் தள்ளாடிக்கொண்டு வந்தது. பின்னால் பெரிய மரச் சக்கரத்தில் சுற்றிய கேபிள். முன்னால் டிரைவர் பக்கத்தில் மச்சான், பெண் பார்த்து முடித்துவிட்டு வருகிற முகத்தோடு இறங்கினார்.

"ஆறு கோர். ஆனா மாலு எப்டி தெரியுமா? கடையில ரெண்டு தினுசு காட்டுனான். ரெண்டுலயும் ஒவ்வொரு மீட்டர் வாங்கித் தராசுல போட்டேன். ஒண்ணு பஞ்சு மாதிரி இருக்குது. இது இருக்குது பாரு, கனம்னா அப்டி ஒரு கனம்! வெல கொஞ்சம் கூடத்தான். ஆனா நம்ம ஊர்க்காரன் கனம் இல்லாத சரக்கத் தொடுவானா?"

காஞ்சிபுரத்தில் பிறந்த எவனும் செய்யக்கூடிய தப்பு இது. சேலையைக் கையில் வாங்கியதும் நாங்கள் முதலில் பார்ப்பது கனம். லேசான பட்டு என்றால் எங்கள் ஊரில் அது வசவு. அதே கையோடு அவர் கண்ணாடிக் கேபிளையும் எடை போட்டிருக்கிறார்.

குழலியிடம் கம்பம் ஏறுகிறவர் ஓரிக்கை பாண்டியன். வாட்டசாட்டமான ஆள். அவர் கேபிளின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தார்.

"இன்னாணா இது? இது மண்ணுல பொதைக்கிற கேபிளு. உள்ள இரும்புத் தகடு சுத்தியிருக்குது. இதக் கம்பத்துல கட்டுனா கம்பமே எறங்கி வந்து நம்ம கால்ல வுழுந்து கும்புடும்."

கடைக்காரருக்குப் போன் போட்டோம். வெட்டிக் கொடுத்த சரக்கு, திரும்ப எடுப்பதில்லை என்றார். நான் கத்தினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், மச்சான் என்றும் பார்க்காமல் கத்தினேன். தேர் நெருங்கிக்கொண்டிருக்கிறது, பாதிப் பணம் தெருவில் மரச்சக்கரமாக உட்கார்ந்திருக்கிறது, கம்பெனிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். மச்சான் கடையில் தராசைப் பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

குழலி கத்தியை எடுத்துக் கேபிள் முனையைச் சீவினாள். கறுப்புத் தோலுக்குக் கீழே இரும்புத் தகடு, அதற்கும் கீழே இன்னொரு தோல். தகட்டை நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

"பாண்டியா, இத எலி கடிக்குமா?"

"கடிச்சா எலிக்குத்தான் பல்லு போவும்கா."

அவ்வளவுதான். அவள் எழுந்து நின்ற வேகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது, எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

அது என்ன முடிச்சு என்று சொல்ல வேண்டும். குழலியின் கன்ட்ரோல் ரூம் ராஜ வீதிக்கு இந்தப் பக்கம், அவளுடைய வீடுகளில் பாதி அந்தப் பக்கம். நடுவில் தேர் ஓடுகிற தெரு. பங்குனியில் தேர் வருகிறது என்றால் குறுக்கே போகிற வயர் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். சாமிக்கு முன்னால் கேபிளாவது, டெலிபோனாவது. பழைய வயரை அறுத்துவிட்டு மறுநாள் முறுக்கி ஒட்டிவிடலாம். ஃபைபர் அப்படி இல்லை. ஒவ்வொரு கோரையும் மெஷினில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். வருஷா வருஷம் அறுப்பு, வருஷா வருஷம் ஒட்டு, அதுவரை அந்தப் பக்கத்து வீடுகளில் இருட்டு. ராஜ வீதிக்கு அடியில் குறுக்காக ஒரு பழைய இரும்புக் குழாய் இருக்கிறது. வெங்கடேசன் காலத்தில் அதற்குள் வயர் விட்டுப் பார்த்து, எலிகள் அதை ஒரே மாதத்தில் தின்று தீர்த்துவிட்டன. அதன் பிறகு அந்தக் குழாயை யாரும் சீண்டவில்லை.

"அண்ணா வாங்கியாந்தது கம்பத்துக்கு ஆவாது, கொழாய்க்கு ஆவும்" என்றாள் குழலி. "ரோட்டுக்கு அடியில எலி பயம் இல்லாம போவும். தேருக்காக ஒரு இழை கூட அறுக்க வேணாம்."

மச்சான் தலையை நிமிர்த்தினார். ஆனால் பாண்டியன் கேட்டார்: "இது ஆறு கோராச்சேக்கா? நீ இருவத்திநாலு இழுக்கணும்னு சொல்லிக்கினு இருந்தியே. நடுவுல ஆறு வந்தா மிச்சம் பதினெட்டும் ரோட்டோரமே நின்னுடுமே?"

"நாலு துண்டா வெட்டு. பக்கத்துல பக்கத்துல வுடு. நாலாறு எத்தினி?"

இருபத்துநான்கு கோர் கேபிளைப் பிரித்தால் உள்ளே நாலு சின்னக் குழல்கள், குழலுக்கு ஆறு இழை. ஒரு குழலுக்கு ஒரு துண்டு என்று கச்சிதமாகப் பொருந்தியது. அளந்து தைத்த ரவிக்கை கூட அப்படிப் பொருந்தாது. மிச்சமிருந்த கனக் கேபிளை, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலைக்குள் மண்ணுக்கு அடியில் கேபிள் பதிக்கிற வேலை எடுத்திருந்த கான்ட்ராக்டர் வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தோடு தன் சீட்டுப் பணம் முழுவதையும் சேர்த்துக் குழலி இருபத்துநான்கு கோர் வாங்கினாள். கையில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. இது தவறினால் கலெக்‌ஷன் வேலைதான், அதற்கு மேல் பேச்சில்லை.

மாநகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்து குழாய்க்கு அனுமதி வாங்கினாள். ஒட்டு போடும் மெஷினை வாடகைக்கு எடுத்தாள். ஒட்டுகிறவரைக் கூப்பிடலாம் என்றேன், முறைத்தாள். ராஜ வீதி ஓரத்தில் கம்பத்தோடு குடையைக் கட்டி, அதன் நிழலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று இழைக்கு ஒரு நிறம். நீலத்தோடு நீலம், பச்சையோடு பச்சை. கண்ணாடி இழையைத் துடைத்து, நுனியை வெட்டி, மெஷினில் வைத்து மூடினால் உள்ளே ஒரு பொறி. எங்கள் வீட்டுத் தறியில் பார்த்த அதே விரல்கள்தான், அதே பேச்சுத்தான். சும்மா கிடக்கப் போகிற இருபதையும் விடாமல் ஒட்டினாள். மச்சான் பக்கத்தில் நின்று அவளுக்கு மோர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தேர் நாள் வந்தது. காலையிலேயே ராஜ வீதியில் குறுக்கு வயர்களை இறக்கிவிட்டார்கள். எங்கள் பதிலுக்குக் காத்திராமல் சந்தோஷ்குமாரின் கம்பெனி இழுத்துவிட்டிருந்த கேபிளும் சுருட்டிக் கம்பத்தில் தொங்கியது. கரண்டும் அந்த வீதியில் நிறுத்தியாயிற்று, உள்சந்துகளில் மட்டும் இருந்தது. நானும் குழலியும் குழாய் போகிற இடத்துக்கு நேராக ஜனங்களோடு ஜனங்களாக நின்றோம். அவள் கையில் போன். எந்தெந்த வீட்டில் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அதில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு சங்கதி உறைக்கவே இல்லை. தூரத்தில் தேர் அசைந்து திரும்பியபோதுதான் உறைத்தது. வயரை மேலே இருந்து எடுத்துவிட்டோம், சரி. இத்தனை டன் மரமும் இரும்பும் இப்போது அந்தக் குழாய்க்கு மேலே ஏறப் போகிறதே!

"குழலி, அந்தக் கொழாய் தாங்குமா?"

"தெரிலங்க" என்றாள். அவளுக்கும் அதே நினைப்புத்தான். கை வியர்த்துப் போனைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "உள்ள இரும்பு சுத்தியிருக்குது. அண்ணா போட்ட எடைதான் இப்போ காப்பாத்தணும்."

நமசிவாய கோஷம் காதை அடைத்தது. வடம் இழுக்கிறவர்கள் எங்களைக் கடந்தார்கள். பிறகு சக்கரம். குழாய்க்கு நேர் மேலே வந்ததும், சாமிக்குத்தான் என்ன விளையாட்டோ, யாரோ கை காட்ட, முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கட்டையைக் கொடுத்துவிட்டார்கள். தேர் நின்றுவிட்டது. கிரீச்சென்று தெரு அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அம்மன் பெயரைச் சொல்லிக் கும்பிட நினைத்தால் வாயில் வந்தது மனைவி பெயர். இரண்டும் ஒன்றுதானே.

கண்ணைத் திறந்தேன். குழலி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. ஒன்று கூட அணையவில்லை.

தீபாராதனை ஆயிற்று. வடம் மறுபடி விறைத்தது. சக்கரம் உருண்டு குழாயைத் தாண்டி இறங்கியது. அப்போதும் எல்லாம் பச்சை. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. வீதிக்கு அந்தப் பக்கம் சந்தில் இருக்கிற ஜெயம்மாள். முழங்கால் வலியால் தேருக்கு வர முடியாமல் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவள். போன வாரம்தான் கம்பெனி இணைப்புக்கு மாறப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

"குழலி! பக்கத்து வூட்டுல கம்பெனிக்காரன் போட்ட நெட்டு காலைலருந்து செத்துக் கெடக்குது. அவங்க எல்லாம் என் வூட்டுல வந்து தேர் பாத்துக்கினு இருக்காங்க. உனுக்கு மட்டும் எப்டிமா வருது?"

"தேருக்கு அடியால வருது பெரிம்மா" என்றாள் குழலி. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் புருஷன்காரன் நடுத்தெருவில் அப்படிச் செய்வதில்லை. செய்தேன்.

தேர் நிலைக்குப் போன பிறகும் கம்பெனிக்கு விடியவில்லை. ஒட்டு போடுகிற ஆட்கள் எல்லாம் ஊர் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அந்தப் பக்கத்து வீடுகளில் இருந்து எங்கள் வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் போட வந்தவர்கள் இல்லை, இணைப்புக் கேட்டு வந்தவர்கள்.

பிறகு ஒருநாள் சந்தோஷ்குமாரே வந்தார். இந்தத் தடவை அவசரம் காட்டவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் மச்சானும் இருந்தார்.

"மேடம், வருஷா வருஷம் இப்படி அறுத்து ஒட்ட எங்களால முடியாது. அந்தக் குழாய்ல இன்னொரு கேபிளுக்கு இடமில்லைன்னு சொல்றாங்க. உங்ககிட்ட சும்மா இருக்கற கோர் ஏதாவது..."

"சும்மாவா?" மச்சான் பாய்ந்தார். "யாரு சொன்னது சும்மான்னு? நாங்க தெரிஞ்சுதானே இருவத்திநாலு போட்டோம்! எத்தினி வேணும் சொல்லுங்க."

குழலி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மச்சான் மோர் வாங்கப் போகிறவர் மாதிரி எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு நாலு கோர் குடுங்க மேடம்" என்றார் சந்தோஷ்குமார். "விலைக்கே வாங்கிக்கறோம்."

"விக்கறதுக்கு இல்லைப்பா. வாடகைக்குத் தரேன். மாசாமாசம் அஞ்சாம் தேதி என் அக்கவுண்ட்ல விழணும்" என்றாள் குழலி. "டீ சாப்டு."

அன்றைக்கு அவர் டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.